கடைசி மிடறில் ஒரு கசப்பு

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் லொரெடானா எடுத்தாள். மறுமுனையில் அரசு வக்கீல்.

"ரிப்போர்ட் வந்தாச்சு. உபால்டோ செத்தது மாரடைப்புல இல்ல. ஒயின் பாட்டில்ல விஷம்."

"வேற யாருக்காவது தெரியுமா?"

"உங்களுக்கு மட்டும்தான். அப்போ வீட்ல இருந்தது சமையல்காரி எல்விரா ஒருத்திதான். ரெண்டு மணிக்குள்ள அவளை அரெஸ்ட் பண்ணுங்க."

மணி பன்னிரண்டரை!

லொரெடானா இத்தாலியின் யேசி மலைச்சரிவில் காரை விரட்டினாள். வழி நெடுக உபால்டோவின் திராட்சைத் தோட்டம். நேற்று வெள்ளிக்கிழமை. மனுஷன் வழக்கம்போல் தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்த கருவாட்டோடு தன் தோட்டத்து வெர்டிக்கியோவைக் குடித்தார். அந்த வெள்ளை ஒயினின் கடைசி மிடறு லேசாகப் பாதாம் போலக் கசக்கும். நேற்று கொஞ்சம் கூடுதலாகக் கசந்திருக்கும். பாவம், ரசித்துக் குடித்திருக்கிறார்.

இந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு விதி. கருவாடு எந்த ஒயினில் வேகிறதோ, அதே பாட்டில்தான் மேஜைக்கும் வர வேண்டும். சட்டி அடுப்பேறிவிட்டால் கிளறக் கூடாது, மூடி திறக்கக் கூடாது. சமைத்தவள் உப்புக்கூடப் பார்க்க மாட்டாள்.

அப்படியென்றால் சட்டியிலும்...

சமையலறையில் எல்விரா மட்டும் இருந்தாள். அறுபது வயது. லொரெடானா தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"மேடம், சத்தியமா நான் எதுவும் பண்ணல."

"உள்ள போனா வெளிய வர மாட்டீங்க எல்விராம்மா. நேத்து நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க."

எல்விரா கதவைச் சாத்தினாள். காதோடு காதாக ஏதோ சொல்லி அழுதாள்.

லொரெடானா உடனே ஒரு போன் செய்தாள். பிறகு நேற்றைய சட்டியைத் தூக்கிக்கொண்டு எல்விராவோடு சாப்பாட்டு அறைக்குப் போனாள்.

உபால்டோவின் தம்பி நேவியோவும் அவன் மனைவி டிசியானாவும் அங்கே இருந்தார்கள். மாரடைப்பு என்று கேள்விப்பட்டு நேற்றிரவு அன்கோனா நகரத்திலிருந்து வந்தவர்கள்.

"நேத்து மிச்சம். மறுநாள்தான் ருசி ஏறும். சாப்பிடலாமா?"

"எனக்கு வேணாம்," என்றான் நேவியோ.

"கருவாடுன்னா தட்டையே நக்குவீங்களே?" என்றாள் டிசியானா.

"அண்ணன் போன துக்கம்டி. பொரிச்ச ஆலிவ், முயல் வறுவல் எதாவது செய்யச் சொல்லு. வெர்டிக்கியோவுக்கு அதுவும் பொருந்தும்."

"துக்கத்துல முயல் வறுவல் மட்டும் இறங்குமா? எனக்குப் பசிக்குது."

லொரெடானா பரிமாறினாள். டிசியானா ஸ்பூனில் அள்ளினாள். உயர்த்தினாள்.

உதட்டருகே...

"சாப்பிடாதடி!"

நேவியோ பாய்ந்தான். தட்டு தரையில் சிதறியது.



"ஏன் சார்?" லொரெடானா நிதானமாகக் கேட்டாள்.

"அது... அந்த பாட்டில் ஒயின்லதானே வெந்திருக்கும்..."

"ஆமா, வெந்திருக்கும். அதனால என்ன? அண்ணனுக்கு மாரடைப்புதானே? பாட்டில்ல விஷம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

நேவியோ கதவைப் பார்த்தான். டிசியானா அவனை விட்டு இரண்டடி விலகினாள்.

"முந்தாநாள் வந்தப்போ ஒயின் அறைக்குத் தனியா போனீங்களே! தோட்டத்தை ஓட்டல்காரனுக்கு விக்க அவர் சம்மதிக்கலைங்கிறதுக்காக..." என்றாள் அவள். "கூடப் பொறந்தவரையாங்க கொன்னீங்க?"

லொரெடானா சட்டியிலிருந்து ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டாள்.

நேவியோ வாயைப் பிளந்தான். "விஷம்..."

"சட்டியில இல்ல. நேத்தே சாம்பிள் எடுத்தாச்சு, லேப்லயே கேட்டுட்டேன். எல்விராம்மா, நீங்களே சொல்லுங்க."

எல்விரா தலையைக் குனிந்தாள். "பெரியவரோட ஒயின்ல புளிப்பு ஜாஸ்தி. கருவாடு விறைச்சுக்குது. இருபது வருஷமா எதிர் மலைக்காரன் ஒயினைத்தான் சட்டியில ஊத்துறேன். அவர் பாட்டிலை மேஜையில வச்சிடுவேன்."

விலங்கு மாட்டிய கையை நேவியோ அவளை நோக்கி நீட்டினான்.

"எதிர் மலைக்காரன் ஒயினா? துரோகி! இன்ஸ்பெக்டர், இவளை அரெஸ்ட் பண்ணுங்க!"

"பண்ணலாம் சார்," என்றாள் லொரெடானா, அடுத்த வாயை அள்ளியபடி. "ஆனா இவ்வளவு ருசியா சமைச்சதுக்கு எந்த செக்‌ஷன் போடுறது?"