வியாசர்பாடி அன்கே ரசிகர் மன்றம்

வெள்ளிக்கிழமை வந்தால் வியாசர்பாடி சரக்குக் கிடங்கின் ரோபாட்டுகள் தங்கள் மூட்டுகளுக்குத் தரப்படும் எண்ணெயில் பாதியை மிச்சம் பிடித்துவிடும். அன்கேவின் ஐம்பதடி கட்-அவுட்டுக்கு அபிஷேகம் செய்யத்தான். மறுநாள் முழுக்கக் கிடங்கில் ஒரே கிறீச் சத்தம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்கே, ஜெர்மனி பெண்கள் கால்பந்து அணியின் முன்கள வீராங்கனை. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே தேசிய அணிக்கு வந்தவள். ஒரு காலத்தில் அவள் காலுக்குப் பந்து போனாலே எதிரணி கோல்கீப்பர் சாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். இப்போது வயது முப்பத்து நான்கு, வலது முழங்கால் செயற்கை. அவள் இடத்தைப் பிடிக்க யூட்டா என்ற சின்னப்பெண் தயாராக நிற்கிறாள். யார் ஆடுவது என்று பயிற்சியாளர் முடிவுசெய்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. உலகம் முழுக்க வாக்கெடுப்பு நடக்கும். ரோபாட்டுகளுக்கும் வாக்குரிமை உண்டு. அன்கேவுக்கு இதுதான் கடைசி உலகக் கோப்பை. சொந்த ஊரில் பின்தங்கியிருந்தவளை வியாசர்பாடியின் பல லட்சம் வாக்குகள் தூக்கி நிறுத்தியிருந்தன. அது ஏன் வியாசர்பாடி? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டாள்.

மன்றத் தலைவர் தேசிங்கு என்ற சுமைதூக்கி ரோபாட் மாலை போட்டு, இளநீர் கொடுத்தது. அன்கேவின் கழுத்தில் இருந்த மொழிமாற்றி அவள் பேச்சைத் தமிழிலும், தேசிங்கின் பேச்சை ஜெர்மனிலும் மாற்றிச் சொன்னது.

“நான் போட்ட கோல்ல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?”

“கோலா? நாங்க ஆட்டமே பாத்ததில்லையே மேடம்.”

“ஆட்டம் பாக்காம எப்படி ரசிகர் ஆனீங்க?”

“இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? மனுசங்களோட பழைய வீடியோவப் பாத்துதான் எல்லாம் கத்துக்கினோம். கட்-அவுட்டு, பாலு, பட்டாசு, பக்கத்துத் தெருவோட அடிதடி. அதுல ஒருத்தரும் ஆட்டத்தப் பாக்கலையே! பெரம்பூர் கிடங்குல யூட்டாவ எடுத்துக்கினாங்க. அதான் நாங்க உங்கள எடுத்துக்கினோம்.”

அன்கேவுக்குத் தலை சுற்றியது. சிரிப்பதா, அழுவதா? இத்தனை வருஷம் காலை உடைத்துக்கொண்டு ஆடியது இதற்கா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரு தடவையாவது பாருங்க! என்னோடதும் பாருங்க, அவளோடதும் பாருங்க. அப்பதான் என் அருமை தெரியும்.”

ரோபாட்டுகள் கீழ்ப்படிந்தன. இருவரும் ஆடிய அத்தனை ஆட்டங்களையும், அவள் இளநீரைக் குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிட்டன.

“யப்பா! அந்தக் காலத்துல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல மேடம்,” என்றது தேசிங்கு.

அன்கேவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்.

“ஆனா இப்போ யூட்டாதான் நல்லா ஆடுறாங்க. அதனால எங்க ஓட்ட அவங்களுக்கு மாத்திப் போட்டுட்டோம்.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான் மேடம். நீங்கதானே பாக்கச் சொன்னீங்க?”

அன்கே இளநீரைத் தூக்கி எறிந்தாள்.

“அறிவிருக்கா உங்களுக்கு? ரசிகன்னு சொல்லிக்கிட்டு ஆட்டத்தையா பாப்பாங்க?”