நாலு மணிக்குள் ஒரு நாட்டுத் துப்பாக்கி!

"வீ...ல்!"

பேச்சி போட்ட அலறலில் அலமாரி மேலிருந்த பழைய மிக்ஸி மூடி உருண்டு தரையில் விழுந்து சுற்றியது.

வாசலில் ஒருவன்.

தலையில் ஹெல்மெட். உடம்பில் சொட்டச் சொட்ட ரெயின்கோட். கையில்...

துப்பாக்கி!

சாதாரணத் துப்பாக்கி இல்லை. நாலடி நீளம். குழாய் வாயில் மருந்து கொட்டி, தேங்காய் நார் திணித்து, ரவை போட்டு, மறுபடி நார் திணித்து, கம்பியால் இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி!

"யாராவது சத்தம் போட்டீங்க... சுட்டுத் தள்ளிடுவேன்!"

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டு போகும் சாலையில் இருக்கிறது 'காவேரி ஓல்டு அண்டு நியூ'. நியூ என்று அங்கே எதுவும் கிடையாது. ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகும் பையன்களிடம் கட்டில், ஃபிரிட்ஜ், பீரோ என்று வாங்கி, ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் பையன்களிடம் விற்கிற கடை. சில கட்டில்கள் ஆறேழு முறை அந்தக் கடைக்குத் திரும்பி வந்திருக்கின்றன.

ஓனர் காவேரி, வயது ஐம்பத்திரண்டு, டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

முதலில் துப்பாக்கியைப் பார்த்தாள். அப்புறம்தான் ஆளைப் பார்த்தாள். தொழில் பழக்கம்!

"இன்னா தம்பி... விக்கறதுக்கா?"

"விக்கவா? யம்மா, கொள்ளையடிக்க வந்துகீறேன்!"

"அப்ப செருப்பை வெளில வுட்டுட்டு வா. இப்பதான் தொடச்சேன்."

ஒரு செருப்பைக் கழற்றியும் விட்டான் அவன். பிறகுதான் உறைத்தது.

"விளையாடறியா? கேமரா ரெக்கார்டு ஆவுற பொட்டி எங்க? எட்றா... எடும்மா!"

பேச்சியின் முகம் வெளுத்தது.

அந்தப் பெட்டியில்தான் அவள் உயிரே இருந்தது!

அவள் புருஷன் சண்முகசுந்தரம், தென்காசிப் பக்கத்துக்காரன், கம்பெனியில் லைன் ஆபரேட்டர். காவேரி கடை மாடியில்தான் வாடகைக்குக் குடியிருப்பு. நேற்று மத்தியானம் இதே கடை வாசலில் நின்ற ஒரு லோடு ஆட்டோவில் கம்பெனியில் காணாமல் போன காப்பர் காயில் கொஞ்சம் பிடிபட்டது. ஆட்டோவில் ஆள் இல்லை. சண்முகசுந்தரத்தின் ஐடி கார்டு மட்டும் கிடந்தது!

விடியற்காலையில் போலீஸ் வந்து அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார்கள்.

இன்று காலை டீக்கடை வாசலில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, சப்-இன்ஸ்பெக்டர் ஷாரோனிடம் சொன்னாள் காவேரி.

"ஆட்டோல யாரு ஏத்துனான்னு என் கடை கேமரா பாத்துகினு இருந்துச்சு மேடம்!"

"நாலு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். அஞ்சு மணிக்குள்ள எதுவும் கெடைக்கலைன்னா அவனை ரிமாண்டுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் என் கையில இல்ல," என்று சொல்லிப் போயிருந்தாள் ஷாரோன்.

இப்போது மணி மூன்று நாற்பது.

இருபது நிமிஷம்!

"யக்கா... குடுத்துராதிய!" பேச்சி கெஞ்சினாள். "அது போச்சுன்னா எங்க வீட்டுக்காரரு கதி என்னத்துக்காவும்?"

"சும்மா இரு பேச்சி. தம்பி அவசரத்துல கீறாரு." காவேரி எழுந்தாள். "பொட்டி பீரோவுல கீது. எந்த பீரோன்னுதான்..."

கடையில் பதினொரு பீரோ நின்றது. இடுப்பிலிருந்து அவள் எடுத்த கொத்தில் சாவிகள் முப்பதுக்குக் குறையாது.

"சீக்கிரம்!"

"தேடிகினேதான கீறேன்." முதல் சாவியைத் துவாரத்தில் விட்டாள். திரும்பாமலே கேட்டாள். "எவ்ளோக்கு வாங்கின?"

"எதை?"

"கையில கீறதை."

"உனக்கு எதுக்கு?"

"கேட்டேன். சொல்ல வெக்கமா இருந்தா வுடு."

வெட்கமா? அவனுக்கா? ஹெல்மெட்டுக்குள் தலை நிமிர்ந்தது.

"எட்டாயிரம்! பதினஞ்சு சொன்னான். அடிச்சுப் பேசி எட்டுக்கு முடிச்சேன்!"

காவேரி நாக்கால் 'த்ச்' என்றாள். அவ்வளவுதான். ஒரே ஒரு 'த்ச்'.

வியாபாரத்தில் எதிராளியைக் குத்த அதைவிடக் கூர்மையான கத்தி கிடையாது!

"இன்னா 'த்ச்'?"

"ஒண்ணுமில்ல. ஏமாந்துட்ட."

"யாரு, நானா? இதுல எவ்ளோ வசதி கீது தெரியுமா? தோட்டா வாங்க எந்தக் கடைக்கும் போவ வேணாம். மருந்து, ரவை எல்லாம் வூட்லயே ரெடி பண்ணிக்கலாம். நம்பர் கிடையாது. சர்வீஸ் செலவு கிடையாது. நீளத்தைப் பாத்தாலே எதிர்ல நிக்கறவனுக்கு வயிறு கலங்கும்!"

"எனக்குக் கலங்கலியே." இரண்டாவது பீரோ. "ஒரு தபா சுட்டா கடை பூரா பொகை. உன் மூக்கு உனக்குத் தெரியாது. மழையில நனைஞ்சா மருந்து களி. சுட்டுட்டு கழுவலைன்னா ஒரே வாரத்துல துரு. எலெக்ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைக்கணும். என் மாமனார் பன்னி விரட்ட லைசென்ஸோட வச்சிருந்தாரு. சீலைத்துணி சுத்தி பஸ்ல எடுத்துகினு போறது என் வேலை. கண்டக்டர் அதுக்கு லக்கேஜ் போட்டான்!"

"எனக்குதான் லைசென்ஸே இல்லியே... எதுக்கு ஒப்படைக்கணும்?"

"அதுவும் சரிதான்." மூன்றாவது பீரோ. "ஆனா ஒண்ணு யோசிச்சியா? ஒரு தபா சுட்டா மறுபடி மருந்து இடிச்சுக் கெட்ட ரெண்டு நிமிஷம் ஆவும். நாங்க ரெண்டு பேரு கீறோம். என்னைச் சுட்டா பேச்சி உன்னை வுடுவாளா?"

"உடைஞ்ச கிரைண்டர் கல்லு கையிலதான் இருக்கு," என்றாள் பேச்சி. நிஜமாகவே இருந்தது!

துப்பாக்கி காவேரியைப் பார்த்தது. பேச்சியைப் பார்த்தது. மறுபடி காவேரி.

"முதல்ல யாரு அசையறாங்களோ அவங்களுக்கு!"

குரலில் ஒரு நடுக்கம். அது ஆபத்தான நடுக்கம். விரல் விசையிலேயே இருந்தது. மேலே மருந்தைப் பற்றவைக்கும் செம்பு கேப்பு மின்னியது. பின்னால் இழுத்து வைத்த இரும்பு, தட்டத் தயாராக!

மணி மூன்று ஐம்பது.

காவேரி சாவிக்கொத்தைக் கீழே இறக்கினாள். குரலையும்.

"தம்பி... நீயா கெட்டுன?"

"ஆமா. வீடியோ பாத்து."

"கெட்டறதுக்கு முன்னாடி, வாங்குன கையோட, காலியா கீதான்னு கம்பி வுட்டுப் பாத்தியா?"

"எதுக்கு?"

காவேரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பேச்சியையும் இழுத்துக்கொண்டு.

"எதுக்குன்னா கேக்கற? பழசுடா இது! பழைய ஓனர் கெட்டிட்டுச் சுடாமலே வித்திருந்தா? அது மேல நீயும் ஒரு கெட்டு கெட்டியிருந்தா? ரெண்டு கெட்டு! விசையை அமுக்கினா முன்னாடி போவாது நைனா... குழாய் கிழிஞ்சு உன் மூஞ்சிலதான் வரும்!"



தகரக் கூரையில் தூறல். ஒரு ஷிப்ட் பஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போனது.

ஹெல்மெட் கண்ணாடி உள்ளேயிருந்து மூடுபனி போலப் பூத்தது.

"பொய்... பொய் சொல்ற!"

"அளந்து பாத்துரலாம். கம்பியை உள்ள வுட்டு வாய்கிட்ட புடிக்கணும். அப்படியே உருவி வெளிப்பக்கமா வச்சுப் பாத்தா, கேப்பு வரைக்கும் எவ்ளோ குறையுதுன்னு தெரிஞ்சிடும். நாலு விரக்கடைன்னா ஒரு கெட்டு. நீ பாட்டுக்கு சுடு. எட்டு விரக்கடைன்னா..."

முடிக்கவில்லை அவள்.

அவன் மெதுவாகத் துப்பாக்கியின் பின்கட்டையைத் தரையில் ஊன்றி, குழாயைக் கூரையைப் பார்க்க நிமிர்த்தினான்.

"கேப்பை எடுக்க மாட்டேன். எடுத்தா மேல பாய்வீங்க. நீயே அள."

குழாய் வாயில் கை வைக்க வேண்டியவள் காவேரி. வெடித்தால் கை போகும்!

அவள் குழாய்க்கு அடியில் செருகியிருந்த கம்பியை உருவினாள். உள்ளே இறக்கினாள். 'டொக்'. வாய் ஓரத்தில் கட்டைவிரலால் பிடித்தாள். உருவினாள். வெளியே வைத்தாள்.

எட்டு விரக்கடை!

அவன் குனிந்து கம்பியை உற்றுப் பார்த்தான்.

"இன்னொரு தபா! ஒரு ரீடிங்கை வச்சு ஒத்துக்க முடியாது. மூணு தடவ அளந்து ஆவரேஜ் எடுக்கணும்!"

இரண்டாவது தரம். எட்டு.

மூன்றாவது தரம். எட்டு!

பேச்சியின் கையிலிருந்த கல் மெதுவாக இறங்கியது. கண்கள் விரிந்தன.

"மூணு தடவையா? 'எங்க குவாலிட்டி சூப்பர்வைசரு மூணு தடவ அளக்காம சோறு கூட திங்கமாட்டாரு'ன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ..." குரல் உயர்ந்தது. "ஏலே... நீ இளம்பரிதி தான!"

ஹெல்மெட் ஆடியது.

"இ...இல்ல!"

"பொங்கலுக்கு எங்க வீட்டுல வந்து பனங்கிழங்கு தின்ன வாயில்லா இது! அவரு தலையில திருட்டுப் பட்டத்தைக் கெட்டிட்டு, இங்க துப்பாக்கியும் கெட்டிட்டு வந்திருக்கியா!"

"பேச்சி, கத்தாத! அதிர்வு ஆவாது!" காவேரி கையமர்த்தினாள். "தம்பி, நீ ஆடாத!"

"அக்கா..." யம்மா போய் அக்கா வந்துவிட்டது. "கேப்பை எடுத்துடட்டா?"

"தொடாத! ரெண்டு கெட்டுல நகம் பட்டாலே போதும்!"

"கீழ படுக்க வச்சிடறேன்!"

"வை. வைக்கிற அதிர்வுல வெடிச்சா கால்லேந்து ஆரம்பிக்கும்."

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

"மூச்சை மெதுவா வுடு. மத்ததை வர்றவங்க பாத்துப்பாங்க."

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஜீப் வந்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் ஷாரோன் உள்ளே வந்தாள். பின்னால் ஏட்டு கோபால். இருவரும் கண்ட காட்சி...

ஒற்றைக் காலில் செருப்போடு, துப்பாக்கியைத் தூக்கத்தில் இருக்கும் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் ஒரு ஹெல்மெட்!

"மேடம்! மொதல்ல இதை வாங்கிக்கங்க மேடம்! ரெண்டு கெட்டு மேடம்!"

ஷாரோன் காவேரியைப் பார்த்தாள். காவேரி கண்ணைச் சிமிட்டினாள்.

"வாங்கறேன்," என்றாள் ஷாரோன், ஒரு பழைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து. "கோபால், போனை எடுத்து ரெக்கார்டு போடு. ஆட்டோல காப்பர் காயில் ஏத்துனது யாரு?"

"நான்தான் மேடம்!"

"சண்முகசுந்தரம் கார்டு அதுல எப்படி வந்துச்சு?"

"கேன்டீன்ல கை கழுவப் போனப்ப கழட்டி வச்சாரு... எடுத்து ஆட்டோல போட்டேன்! கை மரத்துப் போச்சு மேடம்!"

"மிச்ச காயில் எங்க? இதுக்கு நல்லா யோசிச்சு சொல்லு. எங்கிட்ட நீ சொல்றது கோர்ட்ல நிக்காது. காயில் நிக்கும்."

"மண்ணூர்ல... எங்க மாமா வூட்டு மாட்டுக் கொட்டாய்ல... வைக்கோலுக்கு அடியில... மேடம், தும்மல் வருது மேடம்!"

ஷாரோன் எழுந்தாள். நிதானமாக அந்தச் செம்பு கேப்பை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

"இப்ப தும்மு."

தும்மினான். கடையே அதிர்ந்தது. துப்பாக்கி ஒன்றும் செய்யவில்லை.

ஷாரோன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு மண்ணூருக்கு ஆள் அனுப்பினாள். ஏட்டு கோபால் அதற்குள் கம்பியை விட்டு அளந்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"மேடம்... நாலு விரக்கடைதான் கீது. ஒரே கெட்டு. கரெக்டா கெட்டிகீறான்."

"எட்டு!" அலறினான் இளம்பரிதி. "நானே பாத்தேன்! மூணு ரீடிங்! மூணும் எட்டு!"

காவேரி தன் கட்டைவிரலைப் பாசத்தோடு பார்த்தாள்.

"எங்கப்பா சுங்குவார்சத்திரம் சந்தையில துணி வித்தவரு. மீட்டருக்கு நாலு விரக்கடை கட்டைவிரல்ல சாப்புடுவாரு. ஆயிரம் தடவ அளந்தாலும் அதே நாலுதான்... ஒரு நூலு கூடாது, குறையாது. நானும் உருவறப்போ விரலை நாலு விரக்கடை நழுவ வுட்டேன். நீ அளவைப் பாத்த. அளக்கற கையைப் பாக்கல!"

பேச்சி இப்போதுதான் கல்லைக் கீழே வைத்தாள்.

"அப்ப... அவன் சுட்டிருந்தா யக்கா?"

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தி குறைஞ்சிருப்பா." காவேரி ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

ஷாரோனின் போன் அடித்தது. கேட்டாள். சிரித்தாள்.

"வைக்கோலுக்கு அடியில பதினாலு காயில். பேச்சி, அழாத. உன் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவாரு. காவேரியக்கா, அந்த கேமரா பொட்டியையும் குடுங்க. கேஸ்ல சேத்துடறேன்."

காவேரி தலையைச் சொறிந்தாள்.

"அது வந்து மேடம்... பொட்டின்னு ஒண்ணும் இல்ல."

"என்னது?"

"வாசல்ல மாட்டிகீறது வெறும் கூடு. ஹாஸ்டல் பசங்க தூக்கிப் போட்டுட்டுப் போனது. உள்ள ஒரு குளவிக் கூடுதான் கீது. காலையில டீக்கடையில ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னா, எவனுக்கு உறுத்துதோ அவன் தேடிகினு வருவான்னு பாத்தேன். துப்பாக்கியோட வருவான்னு எதிர்பாக்கல!"

பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து அவள் உயிரை வைத்திருந்தது ஒரு குளவிக் கூட்டிலா!

கைவிலங்கோடு வாசல் வரை போயிருந்த இளம்பரிதி திரும்பினான். கண்ணில் தண்ணீர்.

"அக்கா... அப்ப நான் கொள்ளையடிக்க வந்த பொருளே இங்க இல்லியா?"

காவேரி அவன் கழற்றிவிட்டிருந்த ஒற்றைச் செருப்பை எடுத்து வந்து அவன் காலடியில் போட்டாள்.

"செகண்ட் ஹேண்ட் கடைக்கு வர்றவன் மொதல்ல 'இது ஓடுதா'ன்னு கேக்கணும் தம்பி... துப்பாக்கிக்கும் நீ கேக்கல, கேமராவுக்கும் கேக்கல!"