பன்னிரண்டு கிண்ணங்களும் மூன்று பட்டியல்களும்

அருங்காட்சியக இயக்குநர் துப்பறிவாளர் வீட்டு நாற்காலியில் விழுந்த விதத்தில், அதன் நாலு காலும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டன. பதிவேடு, கிடங்கு, பழுதுபார்ப்பு அறை என்று மூன்று பட்டியல்கள். மூன்று சம்பந்திகளைப் போல ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காதவை. அவற்றை இணையத்தில் ஏற்ற ஒன்றாகச் சேர்த்தபோது, புதுப் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பழங்கால மண் கிண்ணங்களைக் கிடங்கில் காணவில்லை. மாலைக்குள் கிடைக்காவிட்டால் கிடங்குக்காரம்மாவுக்கு வேலை போய்விடும்.

துப்பறிவாளரின் மச்சான் அதற்குள் செருப்பை மாட்டியாயிற்று.

கிடங்கில் அந்த அம்மா, அலமாரிகளை ஏழு தடவை புரட்டிவிட்டதாகச் சொன்னார். துப்பறிவாளர் புதுப் பட்டியலையே ஒரு யுகம் பார்த்தார். காணாமல்போன கிண்ணங்களின் எண்கள் 401 முதல் 412 வரை, எல்லாம் ஒரே நாளில் பதிவானவை.

“மாப்ள, எடையைப் பாரு. அறுபது கிராம், எழுபது கிராம், எண்பது கிராம். இந்த எடையில மண் கிண்ணம் உண்டா?”

“மூக்குப்பொடி டப்பாகூட இதைவிட கனம், அத்தான்.”

“எல்லாத்தையும் கூட்டு.”

மச்சான் விரல், உதடு, புருவம் எல்லாவற்றாலும் கூட்டினார். எண்ணூற்று நாற்பது.

இயக்குநரையும், பட்டியல்களைச் சேர்த்த கணினிக்காரரையும் வரவழைத்தார் துப்பறிவாளர். பழுதுபார்ப்புப் பட்டியலில் எண்ணூற்று ஐம்பது கிராமில் ஒரே ஒரு கிண்ணம் இருந்தது. அதை மேல் தட்டிலிருந்து இறக்கிக் கவிழ்த்தார். ஒட்டுக்கோடுகளுக்கு நடுவே, பன்னிரண்டு துண்டுகளிலும் பொடிப்பொடியாய் மை எண்கள்: 401, 402…

“உடைஞ்சு வந்தப்போ பதிவேட்டுல துண்டுக்கு ஒரு எண். ஒட்டினவர் முழுசுக்குப் புதுசா ஒரு எண் போட்டுட்டார். மிச்சப் பத்து கிராம் பசை. துண்டு எப்படிங்க கிண்ணமாச்சு?”

கணினிக்காரர் தரையைப் பார்த்தார். “கணினியில பொருள் வகைன்னு வர்ற இடத்துல துண்டுங்கிறதே இல்லை சார். கிட்டத்தட்ட இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன்.”

முழுக் கிண்ணங்களைத் தேடியவருக்குத் துண்டு எப்படிக் கண்ணில் படும்? இயக்குநர் வேலைநீக்கக் கடிதத்தை எட்டாகக் கிழித்தார். இனி அம்மா பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு வரிகூட இணையத்தில் ஏறாது என்றார். இன்னும் நாலாயிரம் வரிகள் பாக்கி.

அந்த அம்மா புதுப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“பார்க்கிறேன் சார். மூணு நாளா நிக்க வச்சே கேள்வி கேட்டீங்க. முதல்ல ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.”

இயக்குநர் யாரிடமும் சொல்லவில்லை. தானே போய்த் தூக்கி வந்தார்.