பனிக்குள் தடி விட்டுத் தடி

அடுப்புக்குள் போட வீட்டில் இனி எதுவும் இல்லை!

விறகு முந்தாநாளே முடிந்துவிட்டது. பழைய நாற்காலிகள் நேற்று எரிந்தன. வீட்டுக்காரன் யோகநாதன் பவுடர் போட்டுப் போட்டுப் பளபளவென்று வைத்திருந்த கரம் போர்ட் இன்று காலையில் எரிந்தது. இப்போது அந்தச் சின்ன இரும்பு அடுப்பில் மிஞ்சியிருந்தது ஒரு கையளவு தணல்.

நோர்வேயின் வடகோடியில், ஸ்கார்விக் என்ற மீன்பிடிக் கிராமத்துக்கு வெளியே, கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையில் நின்றது அந்த வீடு. பனி மாரியில் இரண்டு மாதம் அங்கே சூரியன் எழும்பாது. நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம் வானம் நீலமாக வெளுக்கும். அதுதான் பகல். புயல் மின்கம்பிகளை அறுத்து மூன்று நாளாகிவிட்டது. தொலைபேசியும் இல்லை. மலையிலிருந்து சரிந்த பனி கிராமத்து வீதியை மூடிக் கிடந்தது. வெளியே மைனஸ் பதினெட்டு. வீட்டுக்குள்ளேயே வாயைத் திறந்தால் புகை வந்தது.

அந்தக் குளிருக்குள் இரண்டு மாதப் பிள்ளை ஒன்று இருந்தது.

பிள்ளை, யோகநாதனின் மனைவி மங்களேஸின் தம்பி கேதீஸுடையது. மீன் லொறியோடு தெற்கே புறப்பட்ட கேதீஸ், புயல் வருகிறதென்று கேள்விப்பட்டதும் மனைவி நிருபாவையும் பிள்ளையையும் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் இறக்கினான். "எங்கட வீட்டில எல்லாம் கறண்ட். இஞ்சயெண்டா விறகடுப்பு இருக்கு" என்றவன் உள்ளே கால் வைக்காமலே ஓடிவிட்டான். ஓடியதற்குக் காரணம் இருந்தது. மங்களேஸும் நிருபாவும் பத்து மாதமாகக் கதைப்பதில்லை.

இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே நீள மேசையில் நின்று மீன் வெட்டுகிறவர்கள். நிருபா பிள்ளைத்தாய்ச்சி என்பதை மங்களேஸுக்குச் சொன்னது தம்பியுமில்லை, நிருபாவுமில்லை. மேற்பார்வை பார்க்கும் நோர்வேக்காரி! வாழ்த்துச் சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனாள். மங்களேஸ் கத்தியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்து வைக்க அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு மூடிய வாய்.

ஒரே அறைக்குள் மூன்று நாள் இருந்தும் திறக்கவில்லை. மங்களேஸின் மகள், பதினாறு வயது ஆரணிதான் இருவருக்கும் தபால்.

"ஆரணி, பிள்ளையின்ர கை குளிருதோ எண்டு மாமியிட்டக் கேள்."

ஒரு முழத் தூரத்தில் இருந்த நிருபா, "ஓம், குளிருதெண்டு அம்மாட்டச் சொல்லு" என்றாள்.

ஆரணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு ஆராவது சம்பளம் தருவீங்களோ?"

மங்களேஸ் எழுந்துபோய்த் தானே பிள்ளையின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தன.

"ஆர்னேயின்ர குடிலுக்குப் போவம்" என்றாள்.

அடுத்த வீட்டு மீனவர் ஆர்னேயைப் புயலுக்கு முன்பே நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது, தன் குடிலில் விறகு இருக்கிறது, தேவையென்றால் எடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நிலமுனையின் மறுபக்கத்துக் குடாவில், அவர் கிழிந்த வலை பொத்துகிற குடில் அது. அங்கே போகும் பாதையோரம், பனி அகற்றும் வண்டிக்கு வழி தெரிவதற்காக நட்ட சிவப்புத் தடிகள் வரிசையாக நின்றன.

"நான் போறன்" என்று எழும்பப்பார்த்த யோகநாதன் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான். அவனுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இஞ்சேருங்கோ, நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ. நானும் ஆரணியும் போறம்."

"ரெண்டு பேர் காணாது" என்றாள் நிருபா சுவரைப் பார்த்து. "நானும் வாறன். இது என்ர பிள்ளை."

பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, யோகநாதனின் தடித்த மேலங்கிக்குள், அவன் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பூட்டினாள். "அடுத்த பசிக்கு முன்னம் வந்திடுவன் அண்ணை."

"போட்டு வா தங்கச்சி. அழுதானெண்டா கரம் விளையாடக் காட்டிக் குடுப்பன். போர்ட்தான் இல்லை."

நீல வெளிச்சம் வந்ததும் மூவரும் புறப்பட்டார்கள்!

தொழிற்சாலைக் கயிறொன்றால் மூவரும் இடுப்பில் பிணைத்துக்கொண்டார்கள். பாரம் குறைந்த நிருபா முன்னால், ஆரணி நடுவில், சறுக்கு வண்டியும் பனி வாரும் சவளுமாக மங்களேஸ் பின்னால். ஏற்பாடு எளிமையானது. முன்னால் போகிறவள் அடுத்த தடியைப் பிடிக்கும்வரை பின்னால் நிற்பவள் இந்தத் தடியை விடக் கூடாது. கயிற்றை ஒருமுறை இழுத்தால் வா; இருமுறை இழுத்தால் நில்.

கதவைத் தாண்டியதும் காற்று இடப்பக்கமிருந்து அறைந்தது. கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டன. பனி கன்னத்தில் மணலாக உரசியது. ஒரு தடி! அடுத்த தடி! இன்னொன்று! மங்களேஸ் ஒவ்வொரு தடியையும் கட்டிப்பிடித்தபடி நின்றாள். முன்னால் நிருபாவின் உருவம் மங்கி மறையும்போதெல்லாம் கயிற்றைப் பிடித்த கை தானாக இறுகியது. அது ஏன் என்று தன்னைத்தானே கேட்க அவள் விரும்பவில்லை.

பாதை ஒரு பள்ளத்துக்குள் இறங்கிய இடத்தில் தடிகளைக் காணவில்லை. காற்று பிடுங்கியிருந்தது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தில் ஒரு சிவப்புத் தடி மங்கலாகத் தெரிந்தது. நிருபா அதை நோக்கி நேராக இறங்கினாள்.

மங்களேஸுக்குத் திடுக்கிட்டது. கோடையில் பழம் பிடுங்க வருகிற பள்ளம் இது. நடுவில் ஓடை ஒன்று ஓடும். மேலே பனி மூடியிருந்தாலும் கீழே தண்ணீர் நிற்காது. நிருபா என்ற பெயர் தொண்டைவரை வந்தது. வந்து, அங்கேயே நின்றது. கயிற்றை இழுக்கும் ஞாபகம்கூட வரவில்லை.

"ஆரணி! மாமியிட்டச் சொல்லு, அதில ஓடை இருக்கு! மலைப்பக்கமாச் சுத்திப் போகச் சொல்லு!"

"என்ன?"

"ஓடை! மாமியிட்டச் சொல்லு!"

ஆரணி வாயை மூடியிருந்த சால்வையை இழுத்து இறக்கினாள். "மாமி!" என்று தொடங்கினாள். அதற்குள் பனி கிழிந்தது. நிருபா முழங்கால்வரை உள்ளே போனாள்!

"இழு! இழு!"

இருவரும் கயிற்றில் தொங்கி இழுத்தார்கள். நிருபா ஊர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கினாள். சப்பாத்துக்குள் தண்ணீர் களகளத்தது. கவிழ்த்து ஊற்றினார்கள்.

"திரும்புவமோ?" என்றாள் ஆரணி. அவள் அழப்போகிறாள் போலிருந்தது.

"அந்தா குடில் தெரியுது" என்றாள் நிருபா பல்லைக் கடித்துக்கொண்டு. "திரும்பினா அங்க எரிக்க என்ன இருக்கு? போவம். அம்மாட்டச் சொல்லு, போவமெண்டு."

அந்த நிலையிலும் 'அம்மாட்டச் சொல்லு!' மங்களேஸுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. ஒரு பெயரைக் கூப்பிட எத்தனை நேரம் எடுக்கும்? அந்த நேரத்தைத்தான் தான் கொடுக்கவில்லை என்று மட்டும் தோன்றியது. அவள் மலைப்பக்கமாகச் சுற்றி வழி காட்டினாள்.

குடிலின் கதவைப் பாதிவரை பனி மூடியிருந்தது. சவளால் வெட்டினார்கள், கையால் வாரினார்கள், தோளால் முட்டினார்கள். கதவு திறந்தது. ஆரணி ரோச் லைற்றை அடித்தாள்.

"அம்மா! புதையல்!"

கூரைவரை அடுக்கியிருந்தது பேர்ச் விறகு! அதன் வெள்ளைப் பட்டை வெளிச்சத்தில் வெள்ளிபோல மின்னியது. மூலையில் ஒரு சின்ன அடுப்பு. ஆரணி பட்டையை உரித்து நெருப்பு மூட்டினாள். மங்களேஸ் நிருபாவை இழுத்து உட்காரவைத்துச் சப்பாத்தைக் கழற்றினாள். காலோடு ஒட்டியிருந்த ஈரக் கம்பளி மேஸை உரித்தாள்.

விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன.

"வலிக்குதோ?" கேள்வி யாரையும் பார்க்காமல் வந்தது.

"இல்லை" என்றாள் நிருபா. "ஒண்டும் தெரியேல்லை."

மங்களேஸ் பதறிப்போய் இரண்டு கையாலும் காலைத் தேய்க்கத் தொடங்கினாள். "தேய்க்காதேங்கோ அம்மா!" என்று பாய்ந்து வந்தாள் ஆரணி. "தோல் பிஞ்சிடும்! நெருப்புக்குக் கிட்டவும் காட்டக் கூடாது. பள்ளிக்கூடத்தில பனி முகாமில சொல்லித் தந்தவை. உடம்புச் சூடுதான் வேணும். வயித்தில வைக்க வேணும்."

மங்களேஸ் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மேலங்கியைத் திறந்தாள், கம்பளிச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக உயர்த்தினாள், நிருபாவின் இரண்டு கால்களையும் இழுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடினாள்.

நிருபா கால்களைப் பறித்துக்கொள்ளப் பார்த்தாள். "ஐயோ மச்சாள்! கால்! நீங்கள் மூத்தனீங்கள், உங்கட வயித்தில என்ர காலை... ஏலாது!"

"மூத்தவள்தான் சொல்லுறன். சும்மா இருடி!"

ஆரணி நெருப்பை ஊதுவதை நிறுத்தினாள். பிறகு, ஒன்றும் கேட்காதவள்போல மறுபடி ஊதத் தொடங்கினாள்.

ஐஸிலிருந்து எடுத்த மீனின் குளிர் அது. பதினான்கு வருடமாக மங்களேஸின் விரல்களுக்குப் பழகிய குளிர். இப்போது அது ஒரு பெண்ணின் காலாக, அவள் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. குடல்வரை உறைந்தது. அவள் அசையாமல் இருந்தாள். கையால் ஏதாவது செய்வது எவ்வளவு இலகு! ஒன்றும் செய்யாமல் சூடு கொடுத்துக்கொண்டு மட்டும் இருப்பது கடினமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நிருபாவின் முகம் கோணியது. கண்ணால் தண்ணீர் கொட்டியது.

"இப்ப வலிக்குதோ?"

"உயிர் போகுது மச்சாள்."

"நல்லது. உயிர் இருக்கிறபடியாத்தான் போகுது."

நிருபா அழுதுகொண்டே சிரித்தாள். விரல்களில் சிவப்பு ஏறியது. மங்களேஸ் தன் காலில் போட்டிருந்த மூன்று சோடி மேஸில் இரண்டைக் கழற்றி நிருபாவுக்குக் கொடுத்தாள். அப்போதுதான் அவளுக்கே தன் கால்விரல்கள் அசைந்தன. அவ்வளவு நேரமும் மூன்று மேஸும் சேர்ந்து இரத்தத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன! நிருபாவின் ஈரச் சப்பாத்துக்குப் பதிலாக ஆர்னேயின் பெரிய ரப்பர் சப்பாத்து கிடைத்தது.

திடீரென்று நிருபா நெஞ்சைப் பிடித்தாள். "மச்சாள், பால் இறங்குது. பிள்ளைக்குப் பசிச்சிட்டுது."

"கெதியா! கெதியா!"

சறுக்கு வண்டியில் விறகை அடுக்கினார்கள். ஆரணி மேலும் மேலும் ஏற்றினாள். "பாதி காணும்" என்று தடுத்தாள் மங்களேஸ். "பாரம் கூடினா நடுவழியில நிப்பம். நாளைக்கும் குடில் இஞ்சதான் இருக்கும்."

வெளியே நீலம் போய்விட்டிருந்தது. காற்று இப்போது வலக்கன்னத்தில் அறைந்தது. மங்களேஸ் முன்னால், வண்டியோடு ஆரணி நடுவில், நிருபா பின்னால். தடி விட்டுத் தடி பிடித்துப் பள்ளத்துக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கத் தடியை இருட்டு விழுங்கியிருந்தது. ரோச் லைற்றில் பறக்கும் பனிதான் தெரிந்தது; இனிக் குத்துமதிப்பாகத்தான் இறங்க வேண்டும்.

ஓடையைச் சுற்றிக்கொண்டு மங்களேஸ் நடந்தாள். அந்தப் பிள்ளையின் சில்லிட்ட விரல்கள் அவளை இழுத்துக்கொண்டு போயின. கொஞ்சத் தூரத்தில் நடை இலகுவாகிவிட்டது. கால் தானாக எட்டி விழுந்தது. அப்பாடா, மோசமான இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தாள்.

"மச்சாள்! நில்லுங்கோ!"

காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது நிருபாவின் குரல். கயிறு இருமுறை அதிர்ந்தது. மங்களேஸ் தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"காத்து முதுகில அடிக்குது! வலப்பக்கம் அடிச்ச காத்து! காத்து மாறேல்லை, நாங்கள்தான் திரும்பிட்டம்!"

மங்களேஸ் சவளை முன்னால் நீட்டிப் பனியில் குத்தினாள். ஒரு பெரிய கட்டி உடைந்து விழுந்தது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்க நேரமெடுத்தது. பிறகு அதே இடத்திலிருந்து கடல் உறுமியது.

இன்னும் ஓரடி!

அவள் பின்வாங்கினாள். "நிருபா!" என்று கத்தினாள். "நீ கதைச்சுக்கொண்டே வா! காத்து எந்தக் கன்னத்தில எண்டு சொல்லிக்கொண்டே வா!"

"வலம்! இன்னும் வலம்! ஓம், சரி! அப்பிடியே போங்கோ!"

நடுவில் நின்ற ஆரணியின் தலைக்கு மேலாகச் சொற்கள் இங்கும் அங்கும் பறந்தன. மங்களேஸின் கை ஒரு தடியில் முட்டியது. அவள் அதைக் கட்டிப்பிடித்து, வெட்கமில்லாமல் முத்தமிட்டாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது பிள்ளையின் அழுகை தெருவரை கேட்டது. அந்த அழுகையைப்போல ஒரு நல்ல சத்தத்தை மூவரும் அதற்கு முன் கேட்டதில்லை! நிருபா மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கினாள். ஆரணி வெற்றிவீரிபோல விறகுக் கட்டொன்றைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். யோகநாதன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "காலமை போயிருந்தீங்களெண்டா என்ர போர்ட் தப்பியிருக்கும்."

அடுப்பு சடசடவென்று பிடித்தது. மெல்ல மெல்ல அறை மனிதர் இருக்கக்கூடிய இடமானது. பால் குடித்துச் சூடேறிய பிள்ளை தூங்கிவிட்டது. மங்களேஸ் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்து மாதமாக வயிற்றுக்குள் கிடந்த கேள்வி அது. ஆரணி மூலம் கேட்கக்கூடிய கேள்வியாக இருந்திருந்தால் எப்போதோ கேட்டிருப்பாள்.

"நிருபா, அந்த நோர்வேக்காரிக்கு முதல் சொன்னனீ. எனக்குச் சொல்லேல்லை. ஏன்?"

நிருபா நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொல்லேல்லை மச்சாள். மீன் மணத்துக்கு வயித்தைக் குமட்டி மேசையிலயே சத்தியெடுத்திட்டன். அவளே பிடிச்சிட்டாள். அண்டைக்குப் பின்னேரம் உங்களிட்டச் சொல்ல எண்டு பஸ் தரிப்பில நிண்டனான். நீங்கள் என்னைப் பாக்காமல் போயிட்டீங்கள். நான் என்ன பிழை செய்தனெண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது."

மங்களேஸுக்குப் பஸ் தரிப்பில் நின்ற அந்த உருவம் ஞாபகம் வந்தது. கழுத்தில் பச்சைச் சால்வை. கை பாதி உயர்ந்திருந்தது. பார்த்தும் பார்க்காமல் போனது எவ்வளவு தெளிவாக நினைவில் இருக்கிறது! குளிரில் மரத்த இடம் நோவதில்லை. சூடு பட்டால்தான் நோகிறது. அது காலுக்கு மட்டுமல்ல என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

"காலைக் காட்டு, பாப்பம்" என்றாள்.

இந்தத் தடவை நிருபா மறுக்கவில்லை. நீட்டினாள்.

"அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ" என்று போர்வைக்குள்ளிருந்து முனகினாள் ஆரணி. "தபால்காரிக்கு நித்திரை வருது."