ஏரிக்குள் இறங்கும் தெரு

மேசையில் மூன்று தட்டுகள் இருந்தன. போஹுனா வைத்தது இரண்டு. மூன்றாவதற்கு நீல விளிம்பு. புருஷனின் மூத்த மனைவி ஒட்டிலியின் தட்டு அது! செத்துப்போனவளின் சாமான்களை ஒன்றுவிடாமல் போன வாரம்தான் ஏரியின் பனிக்கட்டியை உடைத்து உள்ளே தள்ளியிருந்தாள். தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருங்க இதை வெச்சது?"

"நான் வெக்கலையே," என்றான் வெண்டெலின். "கிறிஸ்துமஸ் அதுவுமா சண்டைய ஆரம்பிக்காத. உக்காரு."

லுஹி கிராமத்துக்கு ஒரே தெரு. மேட்டுக் கோவிலிலிருந்து இறங்கும் கல்பாதை இவர்கள் வாசலைத் தாண்டி நேரே ஏரிக்குள் போய்விடும். என்றோ மடத்துத் துறவிகள் மீன் வளர்க்கக் கரை கட்டியதில் கீழ்த்தெரு மொத்தமும் முங்கிப்போக, மிஞ்சிய கடைசி வீடு இது. ஒட்டிலி அந்தப் பாதையில்தான் பனிமேல் நடந்து போனாள். பனி உடைந்தது; உடல் கிடைக்கவேயில்லை. ஊருக்கு இது இன்னமும் ஒட்டிலி வீடுதான். பக்கத்து வீட்டு யார்மிலா நேற்றுகூட, "என்னடி, ஒட்டிலி வீட்டுல கெண்டை பொரிச்சாச்சா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்போ நான் யாராம்?

மீனைப் பரிமாறிய பிறகுதான் உருளைக்கிழங்கு சாலட்டை உள்ளறையிலேயே விட்டுவந்தது உறைத்தது. இன்றைய விருந்து முடியும்வரை எவரும் எழக்கூடாது. எழுந்தவர் அடுத்த கிறிஸ்துமஸைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரி மட்டும் எழலாம்.

"இருங்க, நான் எடுத்தாரேன்," என்றாள் போஹுனா வீம்பாக.

வெண்டெலின் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "நீ உக்காரு. அவ போயிருக்கா."

"எவ?"

நடையில் ஈரத்துணி தரையோடு இழுபடும் சத்தமும், அதற்கு முன்னால் ஏரிச் சேற்றின் வாடையும், உள்ளறைக் கதவு கிறீச்சிடுவதும், கிண்ணம் ஒன்று கல்தரையில் உரசுவதுமாக ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்தன. மெழுகுவத்தி படபடத்தது. வாசற்படி. இருட்டு. பிறகு ஒரு கை.

ஊறி வெளுத்த கை. கிண்ணத்தை வைத்தது. முதலில் அவனுக்குப் பரிமாறியது. வெண்டெலின் சிரித்தான். போஹுனாவைப் பார்த்து அவன் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்றாவது நாற்காலி நகர்ந்தது. அதில் பாரம் இறங்கியது.

"என் வீடுடி இது! என் புருஷன்டி!"

இருவரும் தலை நிமிர்த்தி அவளைப் பார்த்தார்கள். அப்போதுதான் போஹுனா கவனித்தாள். மேசையருகே அவள் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.