வெள்ளச்சியின் பிள்ளைகள்

கட்டிலுக்கு அடியிலிருந்து நக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சொரசொரப்பான நாக்கு எதன் மேலோ ஈரமாக உரசி, நின்று, மறுபடியும் உரசியது. ஜோஸ்பின் குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குட்டிகளை நக்கும்போதுதான் வெள்ளச்சி இவ்வளவு பொறுமையாக நக்கும். ஆனால் வெள்ளச்சிக்கு இப்போது குட்டிகள் இல்லை.

குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். பூனை ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பொம்மை. கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற குழந்தை இயேசு, இன்னும் சுடாத பச்சை மண். கைகளை விரித்துக் கிடந்த அதற்கு முகம் இல்லை. கண்ணும் மூக்கும் வாயும் இருந்த இடத்தை நாக்கு வழவழவென்று தேய்த்துவிட்டிருந்தது.

அவள் கணவன் அமல், விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சூளை பார்ப்பவன். கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே, சூளையை ஒட்டி, அவர்களுக்கு ஒரு ஷீட் போட்ட வீடு. மழை விட்டால் போதும், குடில் பொம்மை ஆர்டர்தான், மூச்சு விட நேரமிருக்காது. கொட்டகைப் பலகைகளில் குழந்தை இயேசுக்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். அதில் ஒன்றைப் பூனை தூக்கி வந்ததில் என்ன அதிசயம் என்று ஜோஸ்பின் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மனசு தேறவில்லை.

குட்டிகள் போனதற்கு நீதான் காரணம் என்று அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியாதா? பிரசவம் முடிந்து சேத்தியாத்தோப்பு அம்மா வீட்டிலிருந்து அவள் கைக்குழந்தையோடு திரும்பியபோது, கட்டிலுக்கடியில் வெள்ளச்சி மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. பூனை முடி பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்று பஸ்ஸில் யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு, விளக்குமாற்றால் விரட்டிவிட்டாள். பூனை ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்விக்கொண்டுபோய், முந்தின வேக்காட்டின் சூடு இன்னும் ஆறாமலிருந்த சூளைக்குள், அடுக்கி வைத்த பொம்மைகளின் பின்னால் போட்டது. அமலுக்கு அது தெரியாது. வழக்கம்போல வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசி, தீ மூட்டினான். தீ அணையும்வரை வெள்ளச்சி அந்த மண் பூச்சைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. சூளையைத் திறந்தபோதுதான் ஏனென்று தெரிந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சண்முகப்ரியாவின் செல் நம்பர் அவளிடம் இருந்தது. பூனைக்குப் பூச்சி மருந்து வாங்கப் போனபோது கொடுத்தது.

"டாக்டரம்மா, குட்டி செத்துப்போன பூன, வேற எதையாவது தன் குட்டின்னு நெனச்சிக்குமா?"

"நெனச்சிக்கும்மா. பால் கட்டியிருக்கும் இல்ல? துணி, பொம்மைன்னு எதையாவது தூக்கிட்டு வந்து பக்கத்துல வெச்சிக்கும். புடுங்காதீங்க. கொஞ்ச நாள்ல அதுவே விட்டுடும்."

"கைக்கொழந்த இருக்கிற வூட்டுல பூன இருக்கலாங்களா?"

"சுத்தமா வெச்சிக்கிட்டா ஒண்ணும் இல்ல. முடி பட்டா ஆகாதுன்னு சொல்றதெல்லாம் நம்பாதீங்க. கொழந்தையோட தனியா மட்டும் விடாதீங்க. பால் வாசத்துக்கும் கதகதப்புக்கும் பக்கத்துல வந்து படுக்கப் பாக்கும்."

எல்லாம் நியாயமான பதில்தான். ஆனால் அந்த முதல் நாளே இவரைக் கேட்டிருக்கக் கூடாதா என்று ஜோஸ்பின் தன்னையே நொந்துகொண்டாள். செல்லை வைத்துவிட்டுத் திரும்பினாள். வெள்ளச்சி கட்டிலுக்கடியில் இல்லை. தூளிக்கு நேர் கீழே உட்கார்ந்து, குழந்தையின் கனத்தில் தொங்கும் சேலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்தடுத்து பொம்மைகள் வந்தன. எல்லாம் பச்சை மண், எல்லாம் ஈரம், எதற்கும் முகமில்லை. விரலளவு இருந்தது கையளவு ஆனது. ஒரு நாள் காலையில் முழங்கை நீளத்துக்கு ஒன்று கிடந்தது. ஜோஸ்பின் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"ஏங்க, இத எப்பிடிங்க அது தூக்கும்?"

"வேல செய்யிற பொம்பளைங்க யாராவது விளையாட்டுக்கு வெச்சிருப்பாங்க" என்றான் அமல். "நீ பயந்துக்காத ஜோஸு. இப்பல்லாம் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் சூளைய அடைக்கிறேன்."

சூளையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அவனுக்கும் அதே நினைப்புதான் ஓடுகிறது என்று புரிந்தபோது கூடுதலாகப் பயந்தாள்.

மறுபடியும் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"பூன எதுக்குங்க குட்டிய எடம் மாத்திக்கிட்டே இருக்குது?"

"இருக்கிற எடம் பாதுகாப்பு இல்லன்னு தோணிச்சுன்னா மாத்தும்மா. இருட்டா, சூடா, ஆள் வராத எடமா பாத்துக் கொண்டுபோய் வெக்கும். ஒருவாட்டி வெச்ச எடத்துக்கே திரும்பியும் போகும்." பிறகு டாக்டர் சிரித்தார். "ஏம்மா, குட்டிதான் இல்லன்னு சொன்னீங்களே?"

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்கு இரண்டு நாள் முந்தி, கோயில் குடிலுக்கென்று செய்த பெரிய குழந்தை இயேசு காய்ந்து தயாராக இருந்தது. நிஜக் குழந்தை அளவு. அதையும் அன்றைய அடுக்கில் ஏற்றப்போவதாக அமல் சொல்லிவிட்டுப் போனான். ஜோஸ்பின் பூனையை வெளியே விரட்டி, கதவை உள்ளே தாழ் போட்டாள். குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, நீலக் குல்லா மாட்டி, தூளியில் போட்டு ஆட்டினாள். இரவெல்லாம் முழித்த அலுப்பு. சுவரில் சாய்ந்தவள் அப்படியே கண்ணசந்தாள்.

விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கரண்டு போயிருந்தது. ஃபேன் நின்ற வீட்டில், ஷீட் கூரை குளிருக்குச் சுருங்கி டப்பென்று ஒலிப்பதும், சுவருக்கு அந்தப் பக்கம் விறகு வெடிப்பதும், தூளிக் கயிறு மெதுவாக முனகுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. அமல் தீ போட்டுவிட்டான் என்று அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொண்டாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையின் கனத்தில், எப்போதும்போலத் தாழ்ந்து, நிதானமாக.

அவள் ஆட்டவில்லை.

ஈர மண் வாசம் வந்தது. பால் வாசமும் அதோடு கலந்து வந்தது. பிள்ளை பெற்றவளுக்குத் தன் பால் வாசம் தெரியும். இது வேறு பால்.

"பாப்பா" என்றாள்.

பதில் இல்லை. தூங்குகிறது. தூங்கத்தான் செய்யும். தூளியின் ஓரத்தைப் பிடித்தாள். ஆட்டம் நின்றது. கையை உள்ளே விட்டாள்.

குளிர்ச்சி.

விரித்த சின்னக் கை. விறைத்த விரல்கள். மேலே தடவினாள். கழுத்து. தாடை. முகம்.

முகம் இல்லை. வழவழப்பு. ஈரம்.

கதவைத் தேடி ஓடினாள். தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. திறந்தாள். ஓடினாள்.

சூளை வாசலில் அமல் மண் அப்பிய கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தான். அடைத்த செங்கல்லின் மேல் பூச்சு ஈரமாகப் பளபளத்தது. கீழே அடுப்பு வாயில் விறகு திகுதிகுவென்று பிடித்து எரிந்தது.

"ஏங்க..."

"நல்லவேள வந்த" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. "பெரிய பொம்மையக் காணோம் ஜோஸு. அத விட்டுட்டே அடைச்சிட்டேன். டார்ச் அடிச்சு நல்லாப் பாத்தேன், பொம்மைங்களத் தவிர உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா தீ வெச்சதுலேர்ந்து உள்ள பூன கத்துது."

அவள் அவன் காலடியைப் பார்த்தாள்.

சூளைச் சுவரின் கதகதப்பில் முதுகைச் சாய்த்து, வெள்ளச்சி படுத்திருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. தொண்டைக்குள் நிம்மதியாக உறுமிக்கொண்டிருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவே நீலக் குல்லா.

அடைத்த செங்கல்லுக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அழுகை வந்தது. மெலிந்து, இழுத்து, பசியோடு.

ஜோஸ்பினின் மார்பு இறுகியது. பால் தானாகச் சுரந்து, ரவிக்கையை நனைத்து, வயிற்றில் வழிந்தது.