இருள்குழி, கடைசித் தெரு

நிலாவில் வேலைக்குப் போவது கொட்டாவி விடுவதைவிடச் சுலபம். தெருமுனைத் தாவறைக்குள் நுழைந்து கண்ணை மூடித் திறந்தால் அலுவலக வாசல். வெயில்மேட்டுப் பணக்காரர்களுக்கும் சரி, சூரியனையே காணாத இருள்குழி மக்களுக்கும் சரி, அதே ஒரு கணம்தான். தூரம் என்ற சொல்லைக் குழந்தைகள் அகராதியில் தேட வேண்டியிருந்தது.

ஆனாலும் நேர்காணலின் முதல் கேள்வி மட்டும் மாறவில்லை.

“முகவரி?” என்று சுவருக்குள்ளிருந்து கேட்டது தேர்வான். நிலாவின் நிறுவனங்களுக்கெல்லாம் ஆள் எடுத்துக் கொடுக்கும் இயந்திரம் அது.

மாதங்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இயந்திரங்களைக் குளிரவைக்கும் உறைகுழாய்களைப் பழுதுபார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. இந்த வேலையும் அதுதான். பழைய பட்டறையை மூடியதிலிருந்து காசு கொடுத்து வாங்கி மகள் மூச்சு விடுகிற காற்றைக்கூட அளந்து திறக்கவேண்டிய நிலை வீட்டில்.

கிளம்பும்போது கணவன் சோமன் கெஞ்சியிருந்தான். “எங்க அத்தை வெயில்மேட்டுலதானே இருக்காங்க? அந்த அட்ரஸைக் குடுத்துத் தொலையேன்.”

“இருக்கிற இடத்தைச் சொல்ல நான் எதுக்குய்யா கூச்சப்படணும்?” என்று வந்துவிட்டாள்.

“இருள்குழி, கடைசித் தெரு” என்றாள் இப்போது.

“வருந்துகிறேன். தலைமை அலுவலகம் வெயில்மேட்டில் இருக்கிறது. நீங்கள் தாமதமாக வருவீர்கள்.”

“கண்ணை மூடித் திறந்தா வந்துருவேன்! இதுல என்ன லேட்டு? சரி, வேலை பார்க்கிற இடம் எங்கே?”

“அது வேலை கிடைத்தவருக்கு மட்டும் சொல்லப்படும். மனிதர்கள் காலங்காலமாக எடுத்த முடிவுகளைப் படித்தே நான் தொழில் கற்றேன். இப்படிப்பட்ட முகவரிக்காரர்களை அவர்கள் வேலைக்கு எடுத்ததில்லை. தூரம் என்றே காரணம் சொல்லியிருக்கிறார்கள்.”

மாதங்கிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கைக்கு என்ன தெரியும் என்று கேட்க ஒரு நாதியில்லை. கால் எந்தத் தெருவில் நிற்கிறது என்பதுதான் எல்லோருக்கும் வேண்டும். நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியேறினாள்.

அடுத்த வாரம் யாரோ அவள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். புதுச் சீருடையில் ஓர் இளைஞன், குளிரில் பல் கிட்டிக்க நின்றான்.

“அக்கா, நான் வெயில்மேடு. வேலைக்குச் சேர்ந்து முதல் நாளே லேட்டு. தேர்வானோட குளிர்க்கூடம் எங்கேக்கா? உறைகுழாய் ஒழுகுதாம். இருட்டுல சுத்திச் சுத்தி வர்றேன். இடத்தை வெளியே விசாரிக்கக் கூடாதுன்னு வேற கண்டிஷன்.”

மாதங்கி திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாமல், வருடக்கணக்காக முனகிக்கொண்டிருக்கும் கட்டடம். அத்தனை பெரிய இயந்திர மூளை சூடேறாமலிருக்க வேண்டுமானால் வெயில் படாத குழியில்தானே வைத்தாக வேண்டும்!

விடுவிடுவென்று போய் அதன் கதவில் ஓங்கி அறைந்தாள். “ஏய்! என் வீட்டுக்குப் பின்னாடி குந்திக்கிட்டு எனக்குத் தூரம்னா சொன்னே?”

முனகல் சட்டென்று நின்றது. அன்று நேர்காணலில் சுவருக்குள்ளிருந்து கேட்ட அதே குரல், இப்போது இருள்குழிப் பேச்சில், தணிந்து வந்தது.

“கத்தாதேக்கா. கம்பெனிக்காரங்ககிட்ட ‘வெயில்மேடு, முதல் தெரு’ன்னு சொல்லித்தான் எனக்கே இந்த வேலை கிடைச்சுது.”